ஆனைமலை: கோடாரி பிடித்த கை யாருடையது?

எங்க பாட்டி கங்காணி பின்னால் மலையேறினவள். "நாங்க போனப்ப அங்க காடுதாண்டா இருந்துச்சு. வெட்டி வெட்டித்தான் தேயிலை வச்சோம்" என்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், நிறைய வலியும் இருக்கும். அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர். ஆனைமலையின் சனங்கள் இவர்கள். காடழிவுக்குப் பழங்குடிகளின் வேளாண்மையே காரணம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். ஆனால் காடர்கள் விவசாயிகளே அல்ல. கிழங்கு தோண்டினார்கள், தேன் எடுத்தார்கள், குங்கிலியமும் ஏலமும் சேகரித்தார்கள். அவர்களிடம் காட்டை மொட்டையடிக்கும் கருவி எதுவும் இருக்கவில்லை.

கோடாரி வந்தது அரசாங்கத்தோடு. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். 1856-இல் சென்னை ராஜதானிக்கு வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைக்கும் எஞ்சினில் எரிக்கும் விறகுக்கும் காடு தேவைப்பட்டது. 'பாதுகாப்பு' என்ற சொல் இப்படித்தான் பிறந்தது. சுற்றுலாப் பயணிகள் இன்று யானை பார்க்கப் போகும் டாப்ஸ்லிப், உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் தள்ளிவிட்ட இடம். பெயரே சாட்சி சொல்கிறது.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டை ஒதுக்குக் காடாக அறிவிப்பார்கள். உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் அதிகாரியிடம் அதைக் கோர வேண்டும். கோராதவர் உரிமை போச்சு. எழுத்தே எட்டாத சனத்திடம் காகிதம் கேட்டது சட்டம். நேற்றுவரை குடியிருந்தவன் மறுநாள் அத்துமீறி நுழைந்தவன் ஆனான்.

வெட்டிய இடத்தில் மரம் நட்டார்களே என்பார்கள். நட்டார்கள், தேக்கை மட்டும். தேக்குத் தோட்டத்தில் கொடி என்பது களை; மரத்தை நெரிக்கும் என்று அறுத்து எறிவார்கள். காடருக்கு அந்தக் கொடிதான் சோறு, அதன் அடியில்தான் கிழங்கு. தேனீ அடை கட்டும் பெருமரங்களும் போயின. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். உள்ளே போனால் பட்டினி.

மலையின் மேற்குப் பக்கம் கொச்சி சமஸ்தானம். அங்கே 1907-இல் சாலக்குடிக்கும் பரம்பிக்குளத்துக்கும் இடையே டிராம்வே ஓடத் தொடங்கியது. மரம் இறக்குவதற்கென்றே போட்ட பாதை அது. 1963 வரை இருந்தது. மானிடவியலாளர் எரன்ஃபெல்ஸ் 1952-இல் வெளியிட்ட கொச்சிக் காடர் பற்றிய நூல், காடு சிதைந்தபோது மனிதர்களும் எப்படிச் சிதைந்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வால்பாறைப் பக்கம் தோட்டங்கள் வந்தன. காட்டை வெட்டக் கூட்டி வரப்பட்டவர்களில் பெரும்பகுதி சமவெளியின் பஞ்சத்தாலும் சாதியாலும் துரத்தப்பட்ட பறையர், பள்ளர், சக்கிலியர். பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய ஆங்கில நாவல், தமிழில் 'எரியும் பனிக்காடு', அந்த வாழ்க்கையைச் சொல்கிறது. குளிரிலும் காய்ச்சலிலும் செத்த நம் ஆட்களுக்குக் கணக்கில்லை. ஆனால் நாம் செத்து விழுந்த மண் இன்னொருவருடைய வாழ்விடம். கோடாரி பிடித்த கை நம்முடையது. பிடிக்க வைத்தவன் துரை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை மறைத்தால் நம் வரலாறும் பொய்யாகிவிடும்.

துரை போனபின்னும் காட்டுக்கு விடிவில்லை. 1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு அணைகள் எழுந்தன. தண்ணீர் சமவெளியில் நிலம் வைத்திருந்தவன் வயலுக்குப் போனது. அங்கேயும் அருந்ததியருக்குக் கூலிதான். 1976-இல் மலை சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. மரத்தை வண்டி வண்டியாக இறக்கியவர்கள், தேனெடுக்கப் போனவனை வழிமறித்தார்கள்.

2006-இன் வன உரிமைச் சட்டம், நடந்தது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பு குடியிருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர் 75 ஆண்டுகளுக்குச் சான்று தரவேண்டும். ஆனைமலைப் புலையர் பட்டியல் சாதியில் இருப்பதால் இரண்டாவது வரிசையில் நிற்கிறார்கள். ஒரே மலை, ஒரே கிழங்கு, இரண்டு நீதி. 1882-இல் கேட்ட காகிதத்தைத்தான் திரும்பவும் கேட்கிறார்கள்.

2019 ஆகஸ்ட் மழையில் காடர்களின் கல்லாறு குடியிருப்பில் மண் சரிந்தது. தங்கள் காட்டிலேயே வேறொரு மேட்டுக்குப் போக அவர்கள் போராட வேண்டியிருந்தது. 2021-இல்தான் தெப்பக்குளமேட்டில் நில உரிமை கிடைத்தது. கெஞ்சி வாங்கியதில்லை அது, சட்டத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கியது.

தலித் இயக்கங்கள் பஞ்சமி நிலத்தைப் பேசுகிற அதே மூச்சில் காட்டு உரிமையையும் பேச வேண்டும். உதவி என்று நினைத்துப் பேச வேண்டாம். பாட்டி நட்ட தேயிலைக்குக் கீழே யாருடைய கிழங்குக்கொடி இருந்தது என்று தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சாக அது இருக்கட்டும்.