கண்டியிலிருந்து கடலுக்கு: உப்பு மாடுகள் முதல் நீலக் கொடி வரை



விடுமுறை நெருங்கினால் நம்மூர்களில் ஒரே பேச்சுத்தான். "இந்த முறை கடலுக்குப் போவோமா?" அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளைப் பக்கத்திலும் வேன் யாருடையது, சாப்பாடு ஆக்கிக் கொண்டு போவதா, வழியில் வாங்குவதா, லுஹரை எங்கே தொழுவது என்று எல்லாம் பேசி முடிவாகும். பேசாமல் விடுவது ஒன்றைத்தான். நாம் பிள்ளைகளை இறக்கப் போகும் தண்ணீர் எப்படிப்பட்டது? அங்கே நம்மைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

கடலில் குளிக்கப் போன உள்நாட்டு ஊர்ப் பிள்ளைகளின் ஜனாஸாச் செய்தி அடிக்கடி நம் காதுக்கு வருகிறது. "கத்ர்" என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொல்லித் தரப்பட்ட சமூகம் நாம். ஆகவே, மலைநாட்டாராகிய நமக்கும் கடலுக்கும் உள்ள உறவின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். பயணத் திட்டம் தானாக அதிலிருந்து வரும்.

*கடலை இழந்த இராச்சியம்*

கண்டி என்றால் மலை என்றுதான் நினைக்கிறோம். ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்துக்குக் கடற்கரையும் இருந்தது. கிழக்கே கொட்டியாரமும் மட்டக்களப்பும், மேற்கே புத்தளமும் கண்டியரசர்களின் வாசல்களாக இருந்தன. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டபோது செனரத் மன்னர் அவர்களை ஏற்றுக்கொண்டார். பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். 1660 இல் ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டதும் கொட்டியாரக் குடாவில்தான். இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவரை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ இருபது வருடம் இங்கே இருந்துவிட்டு 1679 இல் தப்பிச் சென்றார்.

அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக ஒல்லாந்தர் கைக்குப் போயின. 1766 இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தருடன் செய்த ஒப்பந்தத்தோடு தீவைச் சுற்றியிருந்த கரையோரம் முழுவதும் அவர்கள் வசமானது. அன்றிலிருந்து கண்டி, கடலில்லாத நாடு.

கடல் இல்லாவிட்டால் உப்பில்லை. உப்பில்லாமல் ஓர் இராச்சியம் எத்தனை நாள் இருக்கும்? இந்த இடத்தில்தான் நம் மூதாதையர் வரலாற்றுக்குள் வருகிறார்கள்.

*தவளம் ஓட்டியவர்கள்*

கண்டி அரசின் நிர்வாகத்தில் "மடிகே" என்று ஒரு பகுதி இருந்தது. பொதிமாடுகளைக் கொண்டு பொருள் ஏற்றி இறக்குவது அதன் வேலை. அதில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள். பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறும். வண்டி போகாத ஒற்றையடிப் பாதைகளில், காடும் கணவாயும் தாண்டி, நாள் கணக்கில் நடந்த பயணம் அது.

அந்த மக்களுக்குக் கடற்கரை என்பது சந்தை, உப்பளம், தோணித்துறை. எந்த மாதம் காற்று மாறும், எப்போது தோணி வரும், எப்போது வராது என்பதெல்லாம் அவர்களுடைய பிழைப்போடு சேர்ந்த அறிவு. பருவம் பார்த்துத்தான் கரைக்குப் போனார்கள். குளித்து விளையாட அல்ல. கடலை வேடிக்கை இடமாகப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் கடுகண்ணாவைக் கணவாயூடாகப் பாதை வெட்டப்பட்டது. 1867 இல் கொழும்பு ரயில் கண்டிக்கு வந்தது. தவள மாடுகளின் காலம் முடிந்தது. நாள் கணக்கு மணிக் கணக்கானது. உப்பு கடைக்கே வந்தது. கடலுக்குப் போகும் தேவை போய், கடலுக்குப் போகும் ஆசை வந்தது. ஆனால் தவளக்காரர்களிடம் இருந்த பருவ அறிவு நம்மோடு வரவில்லை. இன்று நம் பிள்ளைகள் கடலை அறிந்திருப்பது கைத்தொலைபேசியில் பார்த்த படங்களின் வழியாகத்தான்.

*கடற்குளியலும் கொடியும்*

இன்பத்துக்காகக் கடலில் குளிப்பது உலகத்திலேயே அவ்வளவு பழைய வழக்கமல்ல. 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வைத்தியமாகத்தான் பரவியது. றிச்சர்ட் ரஸல் என்ற வைத்தியர் 1750 இல் கடல் நீரின் பயன் பற்றி நூல் எழுதினார். பிரைட்டன் போன்ற மீனவ ஊர்கள் குளியல் நகரங்களாயின. ரயில் வந்ததும் சாதாரண மக்களும் போனார்கள். கூட்டம் கூடிய கரைகளில் கழிவுநீரும் கூடியது. 1975 இல் ஐரோப்பிய நாடுகள் குளிக்கும் நீரின் தரத்துக்குப் பொது விதி செய்தன.

1985 இல் பிரான்ஸில் சில கரையோர நகரசபைகளுக்கு ஒரு கொடி கொடுக்கப்பட்டது. அதுதான் நீலக் கொடி. 1987 இல் ஐரோப்பாவின் 10 நாடுகளுக்குப் பரவியது. 2001 இல் தென்னாபிரிக்காவோடு ஐரோப்பாவுக்கு வெளியே வந்தது. இன்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் தலைமையகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது.

அழகான கரைக்கெல்லாம் இந்தக் கொடி கிடைக்காது. முப்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் உண்டு. அவை நான்கு தலைப்புக்குள் அடங்கும்: சுற்றாடல் கல்வி, நீரின் தரம், கரை நிர்வாகம், பாதுகாப்பு. குளிக்கும் பருவத்தில் குறைந்தது மாதம் ஒரு தடவையாவது நீரைப் பரிசோதிக்க வேண்டும். மலக்கழிவின் அடையாளமான கிருமிகள் அதில் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்த முடிவைக் கரையிலேயே பலகையில் போட வேண்டும். உயிர்காப்பாளரும் உயிர்காப்புக் கருவிகளும் முதலுதவியும் கழிப்பறையும் இருக்க வேண்டும். கொடி ஒரு பருவத்துக்குத்தான். நிபந்தனை தவறினால் கொடி இறங்கும். நமக்கு மிக முக்கியமான பாடம் இதுதான். ஏற்றிய கொடியை இறக்கவும் தயாராக இருக்கும் இடத்தில்தான் சான்றிதழுக்கு மதிப்பு.

*தமிழ்க் கரையில் ஒரு கோவளம்*

இந்தியாவில் 2020 ஒக்டோபரில் 8 கரைகளுக்கு ஒரேயடியாக இந்தக் கொடி கிடைத்தது. கேரளத்தின் காப்பாடும் ஒடிசாவின் பூரியும் அவற்றில் அடக்கம். 2021 இல் மேலும் இரண்டு சேர்ந்தன. ஒன்று புதுச்சேரியின் ஈடன் கரை. மற்றது சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீற்றரில் உள்ள கோவளம். கேரளக் கோவளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கோவளம் நம்மவர் சிலருக்குப் பழக்கமான பெயர்தான். சென்னைக்குப் போகிறவர்கள் அங்குள்ள தமீமுல் அன்சாரி தர்காவைச் சொல்வார்கள். ஆர்க்காட்டு நவாப்களின் காலத்தில் அது ஒரு துறைமுகம். சஆதத் பந்தர் என்ற பெயரும் அதற்கு இருந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டையை 1752 இல் ரொபர்ட் கிளைவ் பிடித்தார். துறைமுகம் போய், மீனவக் கிராமமாக நின்ற ஊர் அது. இன்று அதே ஊரின் கரையில் ஒரு பகுதி, நீர் பரிசோதிக்கப்படும் குளியல் கரையாக இருக்கிறது.

பாருங்கள், கொடி முழுக் கடலுக்கும் அல்ல. எல்லை குறித்த ஒரு துண்டுக் கரைக்கு மட்டும்தான். எல்லைக்கு அப்பால் அதே கடல், அதே அலை. ஆனால் பொறுப்பு யாருடையதும் இல்லை.

*நம் நாட்டில்*

இங்கே கரையோரத்தைப் பேணுவதற்கு 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கடல் மாசைத் தடுப்பதற்கு 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது நீர்கொழும்புக் கரைகளில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்ததை நாம் மறக்கவில்லை. பொலிஸ் உயிர்காப்புப் பிரிவும் கரையோரக் காவல் திணைக்களமும் மக்கள் கூடும் சில கரைகளில் ஆட்களை நிறுத்துகின்றன. ஆகவே நாம் போகும் கரையில் நீலக் கொடியைத் தேடுவதை விட, அந்தக் கொடி கேட்கும் கேள்விகளை நாமே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முதலாவது, பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது காலி, ஹிக்கடுவை, கல்கிசை, நீர்கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் திருகோணமலையும் பாசிக்குடாவும் பொதுவாக அமைதியாக இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ். பெருநாள் பிறையைப் பார்த்து வரும், பருவக்காற்று சூரியனைப் பார்த்து வரும். போன வருடப் பெருநாளுக்குப் போன கரை என்பதற்காக எந்த வருடமும் அங்கேயே போகலாம் என்று எண்ணக்கூடாது.

இரண்டாவது, இடம். பாசிக்குடா ஆழம் குறைந்த குடா. வெகுதூரம் நடந்து போகலாம் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. நிலாவெளியும் உப்புவெளியும் திறந்த கரைகள், அங்கே கவனம் கூட வேண்டும். கண்டியிலிருந்து திருகோணமலை சுமார் 180 கிலோமீற்றர். விடிய முன் புறப்பட்டு, வெயிலில் வந்து இறங்கி, களைப்போடும் நிறைந்த வயிற்றோடும் நேரே தண்ணீரில் பாய்வது நம் வழக்கம். முதலில் அரை மணி நேரம் கரையில் இருந்து கடலைப் பார்ப்போம்.

மூன்றாவது, எதைப் பார்ப்பது. உயிர்காப்பாளர் எங்கே நிற்கிறார்? சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட இடத்தில் மட்டும் குளிக்க வேண்டும். தனிச் சிவப்புக் கொடி என்றால் பெரும் ஆபத்து, இறங்கவே கூடாது. கொடியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் கால் நனைப்போம், மணலில் விளையாடுவோம், அதோடு போதும்.

நான்காவது, இழுப்பு நீரோட்டம். மலைநாட்டுப் பிள்ளைகள் ஏமாறுவது இதில்தான். மகாவலியில் நுரை பொங்கும் இடத்துக்குப் பயந்து வளர்ந்த பிள்ளை, கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தைத் தேடிப் போகும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் பெரும்பாலும் அந்த அமைதியான இடம்தான். அது ஆளைக் கடலுக்குள் இழுக்கும். எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவோம். பதறாமல் மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். ஒருவர் தத்தளித்தால் நீந்தத் தெரியாத சகோதரர்கள் அடுத்தடுத்துப் பாயக்கூடாது. ஒரே குடும்பத்தில் பலர் போவது அப்படித்தான். மூடிய வெற்றுக் கேன், பந்து, கயிறு, மிதக்கும் எதையாவது எறிய வேண்டும்.

ஐந்தாவது, நம் பெண்கள். நனைந்த அபாயா பாரமானது. காலைச் சுற்றும், எழும்ப விடாது. மறைப்பும் வேண்டும், உயிரும் வேண்டும். அதற்கேற்ற நீச்சல் உடைகள் இன்று கடைகளில் உண்டு. அவை இல்லாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது நல்லது.

*கடைசியாக ஒன்று*

2021 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25 ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. நீந்தத் தெரிவது இன்று அடிப்படைக் கல்வி. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்ற அறிவுரையை நம் மிம்பர்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் நம் வகுப்பறைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் விரல்விட்டு எண்ணலாம். பெண் பிள்ளைகளில் இன்னும் குறைவு.

கடலுக்கு மட்டுமல்ல, நம் வீட்டு வாசலில் ஓடும் மகாவலிக்கும் இது பொருந்தும். 335 கிலோமீற்றர் ஓடி அந்த ஆறு சேர்வது, நொக்ஸ் பிடிபட்ட அதே கொட்டியாரக் குடாவில்தான். நம் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரையும் வேண்டும், கடற்கரையும் வேண்டும். தடுத்து வைப்பதால் பயன் இல்லை, தெரியாமல் போவார்கள்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்துக்கு வேன் பேசும் முன் நான்கு விடயங்களை ஒரு தாளில் எழுதுவோம். அந்த மாதத்தில் எந்தக் கரை அமைதியானது? அங்கே உயிர்காப்பாளர் உண்டா? நம் கூட்டத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர்கள் யார்? எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பு? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் புறப்படுவோம். இல்லாவிட்டால் பதில் கிடைக்கும் வரை திகதியைத் தள்ளிப் போடுவோம். கடல் எங்கும் போய்விடாது.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.