'ரெண்டு வட்டி'னா 2 சதவீதம்தானா? கடன் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

சதம் என்றால் நூறு. நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வதே சதவீதம், தமிழில் விழுக்காடு. பள்ளியிலேயே படித்த கணக்குதான். ஆனா கடன் வாங்கும்போது பலரும் கோட்டை விடுவது இதில்தான். காரணம், எவ்வளவு தொகைக்கு, எத்தனை நாளைக்கு என்ற இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

ஊர்ப்பக்கம் 'ரெண்டு வட்டி'ன்னு சொன்னா 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். வங்கிகள் சொல்வது ஆண்டு வட்டி. அப்படிப் பார்த்தா ரெண்டு வட்டி என்பது 24 சதவீதம், மூணு வட்டி 36 சதவீதம். 1 லட்சம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000 ரூபாய். 50 மாதத்தில் வட்டியாகவே 1 லட்சம் கட்டியிருப்பீங்க. அசல் அப்படியே நிற்கும்.

தண்டல் கணக்கு எப்படி?

10,000 ரூபாய் தண்டலில் 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். கேட்டால் '10 பர்சன்ட்தான்' என்பார்கள்.

அதுவே தப்பு. கைக்கு வந்தது 9,000தான். 9,000-க்கு 1,000 என்றால் 11 சதவீதத்துக்கு மேல்.

இன்னொன்றும் இருக்கு. அந்த 9,000-ம் 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. தினம் 100 ரூபாய் திரும்பிப் போகிறது. 50-வது நாளில் பாதிக் கடன் அடைந்துவிடும். ஆக, சராசரியாகக் கையில் இருப்பது சுமார் 4,500 ரூபாய். அதற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் 100 நாளைக்கு ஏறக்குறைய 22 சதவீதம். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 80 சதவீதத்தைத் தொடும்!

கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் சேர்த்தே தமிழ்நாடு அரசு 2003-ல் அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை.

வங்கி, நிதி நிறுவனங்களிலும் உஷார் தேவை. பிராசஸிங் கட்டணம் என்று முதலில் பிடிப்பதும் இதே கணக்குதான். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு சதவீதத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.