சூலமங்கலம் சகோதரியரின் இசைப்பணி

மகாளய அமாவாசையன்று பொழுது புலரும் முன்னரே நம் வங்காளி அண்டை வீட்டாரின் இல்லங்களில் எழும் குரலைச் சாந்த்ராகாச்சியில் வாழும் நாம் நன்கு அறிவோம். பீரேந்திர கிருஷ்ண பத்ரர் ஓதிய ‘மகிஷாசுரமர்த்தினி’ என்னும் வானொலி நிகழ்ச்சி அது. 1976-ஆம் ஆண்டில் அதனை நீக்கி, புகழ்மிக்க நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சி ஒலிபரப்பப் பெற்றது. மக்கள் அதனை ஏற்கவில்லை. பழைய குரலே மீண்டும் வந்தது. ஒரு குரல் வழிபாட்டின் அங்கமாகிவிடின், அதன் இடத்தில் வேறொன்றை வைத்தல் எளிதன்று.

தமிழர் இல்லங்களில் அத்தகைய இடத்தைப் பெற்ற குரல் யாது? கந்த சஷ்டி கவசத்தைப் பாடிய சூலமங்கலம் சகோதரியரின் குரலே அது எனக் கூறத் தயங்க வேண்டுவதில்லை. மூத்தவர் ஜெயலட்சுமி 1937-லும், இளையவர் ராஜலட்சுமி 1940-லும் பிறந்தனர்.

தஞ்சை மாவட்டத்தில் அய்யம்பேட்டையை அடுத்துள்ள சூலமங்கலம் இசைக்கும் கதைக்கும் பெயர்பெற்ற ஊர். மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு முதலியவற்றோடு சேர்த்துப் பாகவத மேள நாடகம் வளர்ந்த ஊர்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர். ஹரிகதைக் கலையில் தலைசிறந்து விளங்கிய சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும் அவ்வூரினரே. பாட்டும் பக்தியும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்து நின்ற மண்ணில் தோன்றிய இச்சகோதரியர் முறையாகக் கருநாடக இசை பயின்று, இணைந்து மேடையேறினர்.

பெண்மணிகள் இருவர் இணைந்து பாடும் வழக்கத்தை இவர்களே தொடங்கினர் என்று கூறுதல் பொருந்தாது. வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் முன்னரே அவ்வழி சென்றவர்கள். எனினும் சூலமங்கலம் சகோதரியர் நடந்த பாதை வேறு. கச்சேரி மேடையின் நுண்ணிய இராக விரிவைக் காட்டிலும், சாதாரண மக்கள் நாவில் தங்கும் பக்திப் பாடலையே அவர்கள் தம் பெரும்பணியாகக் கொண்டனர்.

அப்பணியே அவர்களைத் திரையுலகிற்கும் இட்டுச் சென்றது. திருப்பரங்குன்றத்து முருகனைப் பற்றிப் பூவை செங்குட்டுவன் இயற்றி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த பாடலொன்றை இவர்கள் முதலில் இசைத்தட்டில் பாடினர். அப்பாடல் இயக்குநர் ஏ. பி. நாகராஜனின் மனத்தைக் கவர, 1967-இல் வெளிவந்த ‘கந்தன் கருணை’ படத்தில் இடம் பெற்றது. அங்கே ராஜலட்சுமியோடு பி. சுசீலா இணைந்து பாடினார். பொதுவாகத் திரைப்பாட்டே தெருவெங்கும் பரவிப் பின்னர் பஜனை மடத்தை எட்டும். இங்கோ பக்திப்பாட்டு திரையை வென்றது!

1972-இல் சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த ‘தெய்வம்’ படத்தில் சகோதரியர் இருவருமே பாடினர். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ் போன்ற பெருங்கலைஞர்களும் அப்படத்தில் பாடியுள்ளனர். ராஜலட்சுமி பின்னணிப் பாடகியாகப் பல படங்களில் பாடியதோடு, 1970-இல் வந்த ‘தரிசனம்’ படத்திற்கு இசையமைத்தும் உள்ளார். இசையமைப்பாளர் ஆசனத்தில் பெண்கள் அமர்தல் மிக அரிதாயிருந்த காலம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும், திரையில் பெற்ற வெற்றியினும் நிலைத்தது கவசமே. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் அருளிய நூல். தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பெயர் கூறி, வேல் காக்க வேண்டுமென இறைஞ்சுவது. நெடுங்காலம் அது பாராயண நூலாகவே இருந்தது. எழுத்தறிந்தோர் புத்தகம் கொண்டு ஓதினர். அதனை ஆபேரி முதலிய இராகங்களில் அமைத்துச் சகோதரியர் பாடிய இசைத்தட்டு வந்தபின், எழுத்தறியாதவரும் அதனை நெஞ்சில் ஏற்றினர்.

அதன் வெற்றிக்குக் காரணம் யாது? மெட்டு எளியது, சொல் ஒவ்வொன்றும் தெளிவாக ஒலிக்கின்றது. அனைத்தினும் மேலாக, ஒருவர் பாட மற்றவர் கேட்கும் முறை அதில் இல்லை. இரு குரலும் ஒன்றாகவே செல்கின்றன. ஆதலின், கேட்பவர் தாமும் மூன்றாவது குரலாகச் சேர்ந்துகொள்ள இயலுகின்றது. அடுக்களையில் உள்ள தாயும், பள்ளிக்குப் புறப்படும் குழந்தையும் அதனோடு முணுமுணுப்பது இதனாலன்றோ!

ராஜலட்சுமி 1992-இல் மறைந்தார். தமக்கையார் அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2017-இல் காலமானார். பிரிந்த அவ்விரு குரல்களும் விடியற்காலையில் நம் இல்லங்களில் இன்றும் இணைந்தே ஒலிக்கின்றன.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல். இரயில்வே பணியையும் பிற தொழில்களையும் நாடி வந்து, ஊக்ளி நதியின் இக்கரையில் குடியமர்ந்த நம் குடும்பங்களில், குழந்தைகள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தை அறியாத பிள்ளைகளும் கவசத்தைத் தவறின்றிப் பாடுவதைக் காண்கிறோம். இது மகிழத்தக்கதே, ஆனால் கவலைக்கும் உரியது. தாம் பாடும் சொல் தம் உடலின் எவ்வுறுப்பைக் குறிக்கின்றது என்று கேட்டால், அவர்களுள் பலர் விழிக்கின்றனர்.

எழுதத் தெரியாதோருக்கும் நூலைக் கொண்டு சேர்த்தவர்கள் அச்சகோதரியர். அவர்கள் குரலைக் கொண்டே நம் பிள்ளைகளை நூலின்பால் திரும்பவும் அழைத்துச் செல்லுதல் நம் கடமை. ஐப்பசி அமாவாசைக்குப்பின் வரும் சஷ்டியன்று, நம் பீகார் அன்பர்கள் சட் பூசைக்காகக் குளக்கரைக்குச் செல்கின்றனர். அதே சஷ்டிதான் நமக்குக் கந்த சஷ்டி. அதற்கு முந்திய ஆறு நாட்களேனும், இசைத்தட்டு ஒலிக்கும்போது குழந்தையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, விரல் வைத்து வரிகளைத் தொடரச் செய்வோமாக. காதால் வந்த தமிழ் கண்ணாலும் நிலைபெறும். சூலமங்கலம் சகோதரியருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி இதனினும் சிறந்தது வேறில்லை.