பைக்காராவில் படித்த பௌதிகம்

1964-ஆம் வருஷம் புகுமுக வகுப்புப் பரீட்சையில் நான் பௌதிகத்தில் தவறினேன். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தகப்பனார் கணக்கப்பிள்ளை. மகன் கீழே காலேஜில் படிக்கிறான் என்று தோட்டம் முழுவதும் சொல்லி வைத்திருந்தவர், மார்க்கைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் கழித்து, "கிளம்புடா, கரண்டு எங்கே பிறக்குதுன்னு பார்த்துட்டு வரலாம்" என்றார்.

பைக்காரா ஆறு முக்கூர்த்திச் சிகரத்தில் பிறப்பது, தோடர்களுக்குப் புனிதமானது. 1929-இல் சென்னை சர்க்கார் இந்த ஆற்றை மின்சாரத்துக்காகத் திருப்பும் வேலையைத் தொடங்கி, 1932-இல் விளக்கேற்றியது. மலையில் மின்சாரம் அதற்கு முன்பும் உண்டு. அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவி வேலை செய்து கொடுத்தது. ஆனால் அது ஒரு தொழிற்சாலையின் சொந்த ஏற்பாடு. பைக்காராதான் மலையின் தண்ணீரைச் சமவெளியின் சொத்தாக்கியது.

கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையம் வரை தண்ணீர் 3,000 அடிக்கும் மேல் குழாய்க்குள் இறங்குகிறது. உலகத்தில் அந்தக் காலத்தில் இவ்வளவு உயரத்து வீழ்ச்சியைக் கட்டியாண்ட இடங்கள் மிகச் சில. நான் எத்தனையோ முறை உருப்போட்ட 'எம்-ஜி-ஹெச்' என்ற சூத்திரத்தின் 'ஹெச்' இந்த மலைச்சரிவுதான் என்பது அன்றுதான் உறைத்தது. உராய்வு இல்லையென்று வைத்துக்கொண்டால், அடியில் தண்ணீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 134 மீட்டர். அந்தக் காலத்தில் எந்த ரயிலும் அந்த ஓட்டம் ஓடியதில்லை. ஒரு சொட்டுக்கும் அதே வேகம், ஓர் ஆற்றுக்கும் அதே வேகம். கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. இதைப் பரீட்சைத் தாளில் எழுதத் தெரியாமல்தான் தவறியிருந்தேன்.

அந்தப் பீச்சலை வாங்கிக்கொள்வது பெல்ட்டன் சக்கரம். அதன் விளிம்பில் வரிசையாகக் கிண்ணங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, சக்கரத்தை விட்டு வெளியே வர்ற தண்ணியப் பாருங்க, சோர்ந்து போய் விழும்" என்றார். கிண்ணம் பீச்சலின் பாதி வேகத்தில் ஓடினால், தண்ணீர் தன் சக்தியையெல்லாம் கொடுத்துவிட்டுத் தளர்ந்து விழும் என்பது இயந்திரவியல் பாடம். அவர் எந்தக் காலேஜில் படித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

சக்கரத்தோடு காந்தம் சுழல, சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தது இவ்வளவுதான். அதை அப்படியே கோயமுத்தூருக்கு அனுப்பினால் பாதி வழியில் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் நஷ்டம் நாலில் ஒரு பங்காகும், அதற்குத்தான் டிரான்ஸ்பார்மர். கம்பி கீழே போய்ச் சேர்ந்த பிறகு, 1930-களில், கோயமுத்தூரில் மில்லுக்குப் பக்கத்தில் மில் முளைத்தது. கிணற்று மேட்டில் கமலை மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

மலை இன்னும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டி மேல் நின்ற ஓர் இடிமேகத்தை, டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் 'கிரேப்ஸ்-3' கருவி மியூவான் துகள்களைக் கொண்டு அளந்தது: 130 கோடி வோல்ட். 2019-இல் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிங்காராப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அன்று இரவு வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா, "எங்கே, பார்த்ததைச் சொல்லு" என்றார். சிலேட்டில் படம் போட்டுச் சொன்னேன். சூத்திரம் ஒன்றுகூட எழுதவில்லை. கடைசியில் அவர் கேட்டார்: "அப்போ நம்ம மலைத் தண்ணிதான் கோயமுத்தூர்ல விளக்கா எரியுதா?"

"ஆமாம்பா."

செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறிவிட்டேன். எங்கள் லயனுக்கு மின்சாரம் வர இன்னும் பல வருஷம் இருந்தது. அப்பா எழுந்து, சீமெண்ணெய் மிச்சமாகட்டும் என்று லாந்தரின் திரியை இறக்கினார்.