பழைய உழுபொறியின் மரபறிதல்

வரலாறு ஆராய்வார்க்கு ஏடும் கல்வெட்டும் செப்பேடுமே சான்றாகும் என்பது நம்மவர் பலர்தம் கருத்து. இரும்பும் சான்று பகரும் என்பதை ஈண்டு ஒருவாறு எடுத்துக் காட்டுவாம். இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்க ஐக்கிய நாடு முதலிய இடங்களில், தம் பாட்டன்மார் உழுத பழைய டிராக்டர்களைக் கொட்டகையின் மூலையினின்றும் வெளிக்கொணர்ந்து, துருவகற்றி, தேய்ந்த உறுப்புக்களை மாற்றி, புது வண்ணம் பூசிக் கண்காட்சிகளில் நிறுத்தும் வழக்கம் பெருகியிருக்கின்றது. வழக்கம் நல்லதே. ஆயினும், "இஃது எந்த மாதிரி, எந்த ஆண்டினது?" என்ற வினாவிற்குப் பூசிய வண்ணத்தையும் பதித்த பெயர்த்தகட்டையும் மட்டும் நோக்கி விடை கூறுவது பிழைபடும். பழங்கோயிலைத் திருப்பணி செய்வோர் எழுத்துள்ள கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டிவிட்டால், கோயில் புதுமை பெறும்; வரலாறு புதைந்துபோம். டிராக்டரைப் புதுக்குவோர் கையிலும் அத்தகைய கேடு நேர்தல் உண்டு.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, சாம்பல் நிறமுடைய ஃபோர்டு, பெர்குசன் என்னும் இரு பெயர் தாங்கிய சிறு டிராக்டர்களின் குடும்பமாம். 9என், 2என், 8என் என்ற மூன்றும் அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையிற் பிறந்தவை. டீ.ஈ. 20 என்பது இங்கிலாந்தில் பிறந்தது. தொலைவில் நின்று நோக்குவார்க்கு இவை ஒரு தாய் வயிற்று மக்களேபோலத் தோன்றும். உண்மையில் ஒரு தாய் வயிற்று மக்களே. இடையிலே பாகப்பிரிவினை வழக்கு நேர்ந்ததுதான் வேறுபாடு. அவ்வழக்கை அறியாதார்க்கு இவற்றின் அடையாளமும் விளங்காது.

ஹாரி பெர்குசன் என்பார் 1884ஆம் ஆண்டு வடஅயர்லாந்தின் டௌன் மாவட்டத்தில் ஓர் உழவர் குடியிற் பிறந்தவர். 1909ஆம் ஆண்டின் இறுதி நாளில் தாமே இயற்றிய விமானத்திற் பறந்து, அயர்லாந்தில் முதன்முதற் பறந்தவர் என்ற புகழ் பெற்றவர். முதல் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பஞ்சம் அஞ்சிய அரசாங்கம் டிராக்டர்களைக் கொண்டு உழுவிக்க முற்பட்டபோது, அவற்றின் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு இவருக்குக் கிட்டியது. அப்பொழுது இவர் கண்டது யாதெனின், டிராக்டர் என்பது எருதுக்கு மாற்றாக வந்த ஓர் இரும்பெருதாக மட்டுமே இருந்தது என்பதாம். கலப்பையைச் சங்கிலியால் பின்னே கட்டி இழுத்தார்கள். கலப்பையின் கொழு மண்ணுள் மறைந்த பாறையிலோ வேரிலோ சிக்கினால், எருது நின்றுவிடும், இயந்திரம் நில்லாது. பின்சக்கரம் அசையாது நிற்க, முன்புறம் மேலெழுந்து, ஓட்டுநர்மேற் கவிழ்ந்துவிடும். 1917ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஃபோர்ட்ஸன் டிராக்டரில் இவ்வாறு உயிரிழந்தோர் பலர்.

பெர்குசன் கண்ட தீர்வு வருமாறு: கலப்பையை இழுத்துச் செல்லாமல், டிராக்டரோடு ஓருடலாக இணைத்தல். கீழே இரண்டு கரங்கள், மேலே ஒரு கரம். இம்மூன்று முனைகளிலும் கலப்பை பூட்டப்பெறும். கொழு மண்ணைக் கிழிக்கும்போது மண் எதிர்க்கின்றது. அவ்வெதிர்ப்பு, கீழ்க்கரங்களின் முனையை அச்சாகக் கொண்டு கலப்பையை முன்னோக்கித் திருப்ப முயலும். ஆகவே மேற்கரம் டிராக்டரை முன்னோக்கி நெருக்கும். அந்நெருக்கு ஒரு சுருள்வில்லை அழுத்தி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைடிராலிக் வால்வை அசைக்கும். எதிர்ப்பு மிகுந்தால் கலப்பை தானே சிறிது உயரும், குறைந்தால் தாழும். முன்புறம் மேலெழுவதற்கு மாறாகக் கீழ்நோக்கி அழுத்தப்பெறும். கலப்பையின் எடையும் மண்ணின் எதிர்ப்பும் பின்சக்கரத்தின்மேற் சேர்வதால், எடை குறைந்த சிறு டிராக்டரும் வழுக்காமல் உழும். ஏரின் மேழியை அழுத்தியும் தளர்த்தியும் ஆழத்தை அளந்த நம் உழவரின் கை செய்த வேலையை வில்லும் எண்ணெயும் செய்தன என்க. இதனினும் அழகிய கருத்து உழவுக் கருவிகளில் அந்நூற்றாண்டிற் பிறிதொன்று தோன்றியதாக யாம் கருதவில்லை.

1936ஆம் ஆண்டு முதல் டேவிட் பிரௌன் என்பாரோடு கூடி இம்முறையில் ஏறத்தாழ 1,350 டிராக்டர்களை இங்கிலாந்தில் இயற்றினார். விலை மிகுதியால் அவை பரவவில்லை. 1938ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவற்றுள் ஒன்றைக் கப்பலேற்றி அமெரிக்கா சென்று, ஹென்றி ஃபோர்டின் இல்லத்தருகே உழுது காட்டினார். ஃபோர்டு வியந்தார். இருவரும் கைகுலுக்கினர், ஃபோர்டு இயற்றுவதென்றும் பெர்குசன் விற்பதென்றும் முடிவாயிற்று. பத்திரம் இல்லை, சாட்சியும் இல்லை. நம் ஊர்களில் நிலக்குத்தகை பேசுவார்கூட இதனினும் எச்சரிக்கை உடையவராவர்.

அவ்வுடன்படிக்கையின் பயன் 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த 9என். முதலெண் ஆண்டைக் குறிப்பது. முகப்பில் ஃபோர்டு என்ற பெயரும், அதன்கீழ்ப் பெர்குசன் முறை என்ற தகடும் இருக்கும். உடல் முழுதும் ஒரே சாம்பல் நிறம். முன்செல்லும் கியர் மூன்று. என்ஜின், ஃபோர்டு நிறுவனத்தாரின் எட்டுச் சிலிண்டர் மெர்க்குரி வண்டி என்ஜினிற் பாதியளவினதாகிய நான்கு சிலிண்டருடையது. வால்வுகள் பக்கத்தில் அமைந்தவை. இடப்பக்கத்தில் கிளட்சும் இடப்பிரேக்கும் ஒருங்கே இருக்கும். வலப்பிரேக்கு மட்டும் வலத்தே தனித்திருக்கும்.

1942ஆம் ஆண்டு போர்க்கால நெருக்கடியில் 2என் பிறந்தது. ரப்பரும் செம்பும் அரியவாயின. ஆதலின் இரும்புச் சக்கரமும், பாட்டரிக்கு மாற்றாக மேக்னெட்டோவும் உடையனவாகச் சில காலம் செய்தனர். பொருள் கிடைத்தபின் பழையபடி ரப்பர்ச் சக்கரமும் பாட்டரியும் வந்தன. புதுக்குவோர் பெரிதும் மயங்கும் இடம் இதுவே. 2என் டிராக்டரின் வரிசையெண்ணும் 9என் என்ற எழுத்தோடுதான் தொடங்கும்! என்ஜினின் இடப்பக்கத்தில், எண்ணெய் வடிகட்டிக்குப் பின்னே, இருபுறமும் விண்மீன் குறியிட்டுப் பொறித்த அவ்வெண்ணைத் துருவகற்றிப் படித்தோர், "இது 9என் தான்" என்று முடிவு கட்டிவிடுவர். எண்ணின் அளவை நோக்கி ஆண்டைக் கணித்தாலன்றி உண்மை புலப்படாது. ஏட்டின் முகப்பில் எழுதிய பெயரை மட்டும் நம்பி நூலின் காலத்தை வரையறுப்பார் படும் இடர் இதனோடு ஒக்கும். அன்றியும், அவ்வெண் என்ஜினுக்கு உரியது. என்ஜினை மாற்றியிருந்தால் எண்ணும் மாறியிருக்கும். புதுக்குவோர் அவ்விடத்தை உரசித் தேய்த்துவிடின் அதற்குக் கழுவாய் இல்லை.

நிற்க. 1945ஆம் ஆண்டில் ஃபோர்டின் பேரராகிய இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்பேற்றார். டிராக்டர்த் தொழிலில் தம்மவர்க்கு நட்டமே என்று கண்ட அவர், பாட்டனாரின் கைகுலுக்கலை முடிவுக்குக் கொணர்ந்தார். 1947ஆம் ஆண்டு 8என் வெளிவந்தது. பெர்குசன் தகடு மறைந்தது. பெர்குசனின் ஹைடிராலிக் முறை மறையவில்லை. இதன் அடையாளம் எளிது: மேலுறை வெளிறிய சாம்பல், என்ஜினும் அடியுடலும் சிவப்பு, கியர் நான்கு, பிரேக்கு இரண்டும் வலத்தே. 1950ஆம் ஆண்டின் இடையில் டிஸ்டிரிபியூட்டர் என்ஜினின் முன்புறத்தினின்றும் பக்கத்திற்கு மாறியது; ஆகவே முன்பின் ஆண்டுகளையும் பகுத்தறியலாம். ஆனால் 9என் டிராக்டருக்குச் சிவப்பும் வெளிறிய சாம்பலும் பூசி, அழகு கருதி நிறுத்தியிருப்பாரும் உளர். அவ்விடத்து வண்ணத்தை விடுத்துக் கியரை எண்ணுக, பிரேக்கை நோக்குக.

பெர்குசன் வாளாவிருந்தாரல்லர். கவென்ட்ரி நகரத்துப் பானர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தாரைக் கொண்டு, 1946ஆம் ஆண்டில் டீ.ஈ. 20 டிராக்டரை இயற்றத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டுவரை 5 லட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. இதுவும் முழுச் சாம்பல் நிறமே. ஆதலின் 9என் என்றே பிறழக் கூறுவோர் உண்டு. ஆனால் இதன் கியர் நான்கு. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே உள்ளவை. கியர்த் தண்டையே ஒரு புறம் தள்ளினால்தான் என்ஜின் கிளம்பும். ஆகவே கியர் பூட்டிய நிலையில் அறியாது கிளப்பித் துன்புறுதல் இல்லை. பெயரில் இடைப்படும் எழுத்து எரிபொருளை உணர்த்தும். தொடக்கத்தில் அமெரிக்கக் கான்டினென்டல் என்ஜின் பூட்டியது வெறும் டீ.ஈ.; ஸ்டாண்டர்டு நிறுவனத்தாரின் பெட்ரோல் என்ஜின் வந்தபின் டீ.ஈ.ஏ.; மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் ஓடுவது டீ.ஈ.டி.; 1951ஆம் ஆண்டில் வந்த டீசல் டீ.ஈ.எஃப். டெட்ராயிட்டில் 1948 முதல் இயற்றியது டீ.ஓ. 20 எனப் பெயர் பெற்றது. தொல்காப்பியம் பயின்றார் இடைச்சொற்கும் பொருள் காண்பதுபோல, இவ்வோரெழுத்தைக் கொண்டு பொறியின் வயிற்றை அறியலாம். எட்மண்ட் ஹில்லரியார் குழுவினர் 1958ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தென்துருவம் சேர்ந்தது இவ்வினத்து டிராக்டர்களில் என்பதும் ஈண்டு நினைக்கத் தகும்.

இனி வழக்கு. பெர்குசன் 1948ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தின்மேல் 25 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை கோரி வழக்குத் தொடுத்தார். நான்காண்டு நடந்த வழக்கு, 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் 92½ லட்சம் டாலரோடு சமாதானமாயிற்று. கேட்டதை நோக்கப் பெற்றது சிறிது. ஆனால் பெர்குசனுக்குரிய ஹைடிராலிக் பம்பின் அமைப்பை அவ்வாண்டிற்குப்பின் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனைக்கும் ஃபோர்டு நிறுவனத்தார் இசைந்தனர். ஆதலின் 1953ஆம் ஆண்டு வந்த பொன்விழா டிராக்டரில் அப்பம்பு வேறாயிற்று. முகப்புத் தகடு போயிருப்பினும், வண்ணம் மாறியிருப்பினும், பம்பைக் கண்டு அவ்வழக்கிற்கு முந்தியதோ பிந்தியதோ எனத் துணியலாம்.

அதே 1953ஆம் ஆண்டு பெர்குசன் தம் தொழிலை மாஸி ஹாரிஸ் என்னும் கனடா நாட்டு நிறுவனத்தோடு இணைத்தார். 1958 முதல் அதன் பெயர் மாஸி பெர்குசன். அந்நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960ஆம் ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றிற்று. நம் அன்பர்களுட் பலர் வயலில் ஓட்டிய சிவப்பு மாஸி டிராக்டர் அதன்வழி வந்தது. அதன் பின்புறத்தில் கீழிரண்டும் மேலொன்றுமாக நிற்கும் கரங்கள், டௌன் மாவட்டத்து உழவர் மகன் வகுத்த அம்மூன்றுமேயாம்.