அட்டாரா கச்சேரியும் அதன் வழக்குகளும்

பெங்களூரு கப்பன் பூங்காவின் ஓரத்தில், விதான சௌதாவுக்கு நேர் எதிரே, தூண் வரிசையோடு செந்நிறத்தில் நிற்கும் அட்டாரா கச்சேரியை 1868இல் கட்டி முடித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். மைசூர் அரசின் 18 துறைகளுக்காக எழுந்த அக்கட்டடம், 1956இல் தலைமைச் செயலகம் விதான சௌதாவுக்குப் பெயர்ந்தபின் உயர் நீதிமன்றத்துக்கு உரியதாயிற்று.

1980களின் தொடக்கத்தில் அதை இடிக்க அரசு முனைந்தபோது எழுந்த பொதுநல வழக்கு, அதாவது தனிப்பட்ட நிவாரணம் கோராமல் பொது நன்மைக்காகத் தொடுக்கப்படும் வழக்கு, இடிபடவிருந்த அதே கட்டடத்திற்குள் விசாரிக்கப்பட்டது. கட்டடம் தப்பியது நகரத்தின் நற்பேறு.

இந்நீதிமன்றம் கண்ட வழக்குகளுள் நாடு முழுவதையும் தொட்டது, அன்றைய கர்நாடக முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மையின் வழக்கே. 1989 ஏப்ரலில் அவரது அமைச்சரவை பதவி நீக்கப்பட்டதை எதிர்த்த மனுவை மூன்று நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்ததாயினும், 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின்படி மாநில ஆட்சியைக் கலைக்கும் பிரகடனம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்றும், பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

கர்நாடகத்தின் வடமாவட்ட மக்கள் வழக்குக்காகப் பெங்களூரு வரை அலைய நேர்ந்த நெடுங்காலக் குறை, 2008இல் தார்வாடிலும் குல்பர்காவிலும் இந்நீதிமன்றத்தின் அமர்வுகள் தொடங்கியபோதுதான் தணிந்தது.