மூசி நதியும் கட்டட விதிகளும்

ஹைதராபாத்தில் மூசி நதியின் பாலங்களை நாள்தோறும் கடக்கும் நம்மவர்க்கு, கீழே கறுத்துக் கிடக்கும் நீரைக் கண்டால் நதி என்ற எண்ணமே எழுவதில்லை. அந்நதி ஒரே நாளில் நகரின் பெரும்பகுதியை அழித்தது என்றால் நம்புவது அரிதன்றோ? 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அது நிகழ்ந்தது. மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி, தம் தாயையும் மனைவியையும் மகளையும் அவ்வெள்ளத்தில் பறிகொடுத்தார்.

மறு ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று வந்த பொறியியல் வல்லுநர் விசுவேசுவரய்யா, மழையோடு ஏரிகளையும் கணக்கெடுத்தார். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. ஏறத்தாழச் சதுர மைலுக்கு ஓர் ஏரி. அவற்றில் 221 ஏரிகள் உடைந்தன. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும் அமைப்பு நம் தொண்டைநாட்டாருக்குப் பழக்கமானதே. மேலேரியின் கரை உடைந்தால் கீழேரி தாங்குமா? அவருடைய யோசனையின்படி நகருக்கு மேற்கே, மூசியின் குறுக்கே 1920-இல் உஸ்மான் சாகரும், ஈசி நதியின் குறுக்கே 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. 1912-இல் அமைந்த நகர் மேம்பாட்டு வாரியம் நெருக்கமான சேரிகளை அகற்றி வீதிகளை அகலமாக்கியது. ஆற்றங்கரையிலோ உயர்நீதிமன்றமும் மருத்துவமனையும் மாளிகைகளாக எழுந்தன. ஏழைக்கு ஆகாத கரை அரசுக்கு ஆயிற்று போலும்!

அணைகள் வந்ததும் அச்சம் நீங்கியது. அச்சம் நீங்கவே, நீர் நிற்கும் இடமெல்லாம் மனையாயிற்று. மாம்பலம் ஏரி தியாகராய நகரான கதையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. 1996 மார்ச் 8-ஆம் நாள் பிறந்த 111-ஆம் எண் அரசாணை, இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிய 84 கிராமங்களில் பெருங்கட்டடங்களையும் மாசுபடுத்தும் தொழில்களையும் தடுத்தது. அதன் நோக்கம் குடிநீரைக் காப்பதே. எனினும் நிலம் திறந்து கிடந்தால் மழைநீர் ஊறவும் தங்கவும் இடமிருக்கும். 2022 ஏப்ரலில் அக்கட்டுப்பாடுகளை நீக்க வேறோர் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

2012-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் இன்னும் நேரடியாகப் பேசின. ஏரி முழுதும் நிரம்பினால் நீர் எட்டும் எல்லைக்குள் கட்டடம் கூடாது. அவ்வெல்லைக்கு வெளியேயும், பத்து ஹெக்டேரும் அதற்கு மேற்பட்ட பரப்பும் உடைய ஏரியாயின் 30 மீட்டர், சிறியதாயின் 9 மீட்டர் விட வேண்டும். நகர எல்லைக்குள் ஆறு ஓடுமாயின் 50 மீட்டர்.

மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. 'நாலா' என்றால் ஓடை. நகரவாசியின் வாயிலோ அது சாக்கடையாகிவிட்டது. ஓடையை அடைக்கக் கூசுபவனும் சாக்கடையின் மேல் தளம் போடக் கூசுவதில்லை. 2020 அக்டோபரில் பல்லெ செருவும் குர்ரம் செருவும் உடைந்தபோது, கீழிருந்த குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது. 'செருவு' என்பது தெலுங்கில் ஏரி. 'குண்ட' என்பது குட்டை. மனை வாங்கும் நம்மவர் பெயர்ப்பலகையில் இவ்விரு சொற்களைக் கண்டால், பத்திரம் எழுதுமுன் ஏரியின் எல்லை வரைபடத்தைப் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் கேட்டுப் பார்ப்பது நலம். பத்திரப் பதிவு வேறு, கட்டட அனுமதி வேறு. ஆக்கிரமிப்புகளை அகற்ற 2024 ஜூலையில் தனி அமைப்பு ஒன்று தோன்றிய பின், பதிவுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டை இழந்தோரும் உண்டு.

நம்மில் பலர் ஊருக்குப் பேருந்து ஏறும் மகாத்மா காந்தி பேருந்து நிலையம் மூசியின் நடுவே அமைந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், இரு நீர்த்தேக்கங்களின் மதகுகளும் திறக்கப்பட்டபோது, நதி அந்நிலையத்துள் புகுந்தது; இரவோடு இரவாகப் பயணிகளை வெளியேற்ற நேர்ந்தது.